முதல் ஆளாக எழுந்து போன அம்மன்

சாமியைப் பயந்தாங்கொள்ளி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த குற்றத்துக்காகக் கோயில் கமிட்டி முன்னால் நின்ற ஒரே மனுஷி, சப்ரகமுவ மாகாணம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் அவசரம்மா ஒருத்தர்தான். இதை நான் அடித்துச் சொல்வேன். அந்தக் கமிட்டிக்குச் செயலாளர் நான். விசாரணை நடந்ததும் என் கடை வாசலில்தான். தோட்டத்தில் வேறெங்கும் எல்லோரும் உட்காருகிற அளவுக்கு நாற்காலி கிடையாது.

நிவித்திகலையிலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற பஸ், இதற்கு மேல் என்னால் முடியாது என்று புகையைக் கக்கிவிட்டுத் திரும்புகிற இடத்தில் என் கடை. கடைக்கு மேலே தேயிலைத் தோட்டம். ஆட்கள் குடியிருக்கிற லயங்கள், உச்சி மேட்டில் பள்ளிக்கூடம், ஓடை, ஓடைக்கரையில் அம்மன் கோயில், அதற்குப் பக்கத்து மேட்டில் பிள்ளை மடுவம். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார், கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூடம் போகிற வயது வராத வாண்டுகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே ஆயாவாக வந்து சேர்ந்தவர் அவசரம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அவசரம்மா என்பது ஏதோ எல்லைக் காவல் தெய்வத்தின் பெயர் மாதிரி இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த அவசரத்தை என்னவென்று சொல்வது! பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்கிவிடுவார். கேள்வியை அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லி, "அப்படியா, சரி சரி" என்று தலையையும் அவரே ஆட்டிக்கொள்வார். கடைக்கு வந்தால், "மொதலாளி, ரோஸ் பிஸ்கட் ஒரு பாக்கெட் குடுங்க, குடுத்துட்டீங்களா, அப்ப வாறேன்" என்று ஒரே மூச்சில் முடித்து, காசை மேசையில் வைத்துவிட்டு, பிஸ்கட்டை எடுக்காமலே போய்விடுவார். பாதி ஏற்றத்தில் நினைவு வரும். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "ஏன் மொதலாளி, ஒரு சத்தம் கூப்பிட மாட்டீங்களா?" என்று என்னையே திட்டுவார். வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கூத்து நடக்கும். திட்டுகிற அழகுக்காகவே நான் கூப்பிடாமல் இருப்பேன்.

கரவனெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்திறங்கியவர். "ஏம்மா, தனியாவா வந்தீங்க?" என்று கேட்டதற்கு, "பஸ்ல எடம் ஒன்னுதாங்க இருந்திச்சு" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பிள்ளை மடுவத்தில் வேறு ஆயாக்கள் தாலாட்டுவார்கள். இவர் கதை சொல்லித் தூக்கத்தைக் கலைத்துவிடுவார். அவருடைய கதையில் எங்கள் மலை ஒரு மாமா. சோம்பேறி மாமா. தேயிலைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு எந்நேரமும் படுக்கை. மழை பெய்தால் கணக்கு வழக்கில்லாமல் தண்ணீர் குடிப்பார். குடித்துக் குடித்து வயிறு உப்பினால் ஒரு பக்கமாகப் புரண்டு படுப்பார். புரளுவதற்கு முன்னால் மாமா சும்மா இருக்க மாட்டார். அவருக்கு வியர்க்கும், ஊற்றுத் தண்ணீர் சேறாக வரும். முழங்கையால் இடிப்பார்; வீட்டுக் கதவு திறக்காது. கடைசியில் ஒரு ஏப்பம் விடுவார். நிலத்துக்குள்ளே கடமுடவென்று கேட்கும். இதில் எது நடந்தாலும், முன்னால் நிற்கிற பிள்ளையின் சட்டை வாலைப் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். ஏன் பள்ளிக்கூடம்? அது பாறைத் தாத்தாவின் மேல் நிற்கிறது. தாத்தாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு வெகுகாலம், நினைத்தாலும் புரள முடியாது.

போகிற வழியில் எதற்காகவும் திரும்பக் கூடாது என்பதற்கு ஒரு முயல் கதை வைத்திருந்தார். செருப்பை மறந்துவிட்டுத் திரும்பிப் போன முயல்.

"அந்த மொயலு என்னாச்சு ஆயம்மா?"

"செருப்பு மட்டும் கெடச்சிச்சு."

சொல்லிவிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் பிஸ்கட் கொடுப்பார். பயம் தொண்டையில் நிற்கக் கூடாது, இறங்கிவிட வேண்டும் என்பது அவருடைய வைத்தியம். ஆனால் அந்த முயலால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமில்லை. என் கடை வாசலில் எந்நேரமும் ஒற்றைச் செருப்புகள் கிடக்கும். "போயி எடுத்துட்டு வாடி" என்று தாய் கத்துவாள். "திரும்பிப் போகக் கூடாது, ஆயம்மா சொன்னாங்க" என்று நான்கு வயது தர்ஷி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சட்டம் பேசுவாள். தர்ஷிதான் அந்த ரயிலுக்கு இஞ்சின். அவள் சொன்னால் மற்றதெல்லாம் பெட்டிகள்.

தொரை வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. தோட்டத்துப் பெரிய தொரை பிள்ளை மடுவத்தைப் பார்வையிட வந்தார். நல்ல ஆகிருதி. என் கடையிலிருந்து போன ஜிஞ்சர் பியரை ஒரே இழுப்பில் குடித்தார். குடித்தவர் சும்மா இருந்திருக்கலாம். ஏப்பம் விட்டார். அது சாதாரண ஏப்பமில்லை, ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

"மாமா ஏப்பம் விட்டுட்டாரு!" என்று தர்ஷி கத்தியதுதான் தாமதம். கண்மூடித் திறப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அவசரம்மாவுக்குத் தெரியும் அது எந்த மாமாவின் ஏப்பம் என்று. ஆனாலும் பழக்கம் கெட்டுவிடக் கூடாதே. தொட்டிலில் கிடந்த குழந்தைகளில் ஒன்றை முன்னால் கட்டி, ஒன்றைப் பின்னால் கட்டி, மிச்சம் இருந்ததைத் தொரையின் கையில் திணித்தார். "புடிங்க தொர, தலைய புடிங்க, புடிச்சிட்டீங்களா, ஓடுங்க!"

தொரையும் ஓடினார் ஐயா. ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடினார். உச்சியில் நின்று, குழந்தை நனைத்த சட்டையோடு, "மொகத வுனே? என்ன நடந்திச்சு?" என்று இரண்டு பாஷையிலும் கேட்டார். அத்தனை வாண்டுகளும் அவரைத்தான் விரலால் காட்டின.

அன்றைக்கே உத்தரவு வந்தது: வேலை நேரத்தில் ஓடக் கூடாது. "சரிங்க தொர" என்றார் அவசரம்மா. அடுத்த நாளிலிருந்து பகல் சாப்பாட்டு நேரத்தில் ஓடினார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அம்மன் விஷயம் அப்படியல்ல.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். மழை விடாமல் அடித்து, ஓடை இரைய ஆரம்பித்தால், குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவோம். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, விளக்கேற்றி, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள். என் அப்பா காலத்திலும் அப்படித்தான், அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தான். கோயிலோ இரண்டு மலைக்கும் நடுவே, ஓடைக்கரையில் இருக்கிறது. முதன்முதலில் வந்தவர்கள் தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துக் கல்லை நட்டுவிட்டார்கள். மேலேயிருந்து மண்ணோ தண்ணீரோ எது வந்தாலும் அந்த வழியாகத்தான் வரும். இது எங்களுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் போய் உட்காருவோம்.

இதை உடைக்க அவசரம்மா ஒரு கதை கட்டினார். மழை வலுத்தால் முதல் ஆளாக எழுந்து போகிறவள் அம்மன்தானாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விடுவிடுவென்று பள்ளிக்கூடத்துக்குப் போய், பாய் விரித்து, பிள்ளைகள் வருகிறார்களா என்று வாசலில் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். மழை நேரத்தில் கோயிலில் யாருமே கிடையாதாம்.

ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை. வெளியே நல்ல மழை. பூசாரி மணியடித்துத் தீபம் காட்டிக்கொண்டிருக்கிறார். தர்ஷி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "பூசாரி தாத்தா, அம்மன் அப்பவே போயிருச்சே. நீங்க யாருக்கு மணியாட்டுறீங்க?"

பூசாரி தீபத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார். மறுநாள் விசாரணை.

எங்கள் பூசாரிக்குக் கோபமும் முழங்கால் வலியும் கூடப்பிறந்தவை. கோயில் படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவார். அன்றைக்கு என் கடைக்கு உட்காராமலே நடந்து வந்தார்.

"ஏம்மா, அம்மன் ஓடுவாளா? எட்டுக் கையை வச்சிக்கிட்டு ஓடுவாளா?"

"ஒவ்வொரு கையிலயும் ஒரு புள்ளைய புடிச்சிக்கிட்டு ஓடுவாங்கய்யா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செயலாளர் சிரிக்கக் கூடாதே என்று இருமிச் சமாளித்தேன்.

"இது வெளையாட்டில்ல!" என்று பூசாரி மேசையைத் தட்டினார். "நம்ம சனத்துக்கு இங்க இருக்குறது அவ ஒருத்திதான். அவளயும் ஓடிட்டானு சொல்லிப்புட்டா நாங்க எங்க போறது? ஒனக்கு அம்மன் மேல என்னம்மா கோவம்?"

அவசரம்மா முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"கோவம் இல்லீங்க. எனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்திச்சு. இந்தத் தர்ஷி வயசுதான். நான் தூரத்து மலைக்கு கொழுந்துக்குப் போகையில, 'மழை வந்தா கோயிலுக்குப் போயி அம்மன்கிட்ட உக்காந்துக்க, நான் வர்ற வரைக்கும் எங்கயும் நகராத'ன்னு சொல்லிட்டுப் போனேன். சொன்ன பேச்சு கேக்குற புள்ளைங்க அது. நகரவே இல்ல."

 கடைக்குள் தராசுத் தட்டில் சீனி அப்படியே கிடந்தது. வாங்க வந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மனும் சேந்துதாங்க மண்ணுக்குள்ள போனா. அவமேல எனக்கென்ன கோவம்? அவளையும் யாராச்சும் முன்கூட்டியே எழுப்பி விட்டிருக்கணும்ல?"

 பூசாரிதான் தீர்ப்புச் சொன்னார். "கதைய சொல்லிக்க. ஆனா ஓடினான்னு சொல்லாத. எழுந்தருளினான்னு சொல்லு."

அவசரம்மாவும் மாற்றிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள், "அம்மன் எழுந்தருளி ஓடிருச்சு" என்று பாடத் தொடங்கின. பூசாரி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே அம்மன் இல்லையே! வாண்டுகள் இதை விடுவார்களா? அவசரம்மா என் கடைக்கு வந்து, வருஷப் பிறப்புக்கு நான் அச்சடித்த கலண்டரை, அம்மன் படம் போட்டது, கேட்காமலே ஆணியிலிருந்து கழற்றினார். "அம்மனை முன்கூட்டியே அனுப்பி வைக்கிறேங்க" என்று பள்ளிக்கூடத்து மண்டபச் சுவரில் மாட்டிவிட்டார். அம்மனுடைய காலடியில் என் கடைப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பல பிள்ளைகள் அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டன.

அந்த மழை வந்தது. நாள்கணக்காகப் பெய்தது. நானும் எத்தனையோ மழை பார்த்தவன். இதை மழை என்று சொல்ல வாய் வரவில்லை. பகல் நேரம்தான், ஆனால் கடையில் விளக்குப் போட்டிருந்தேன். எங்கள் ஆட்கள் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு, வழக்கப்படி, கோயில் பக்கம் இறங்க ஆரம்பித்தார்கள்.

அப்போது மேலேயிருந்து அவசரம்மா தட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை மடுவத்து ஊற்றில் சேறு வந்துவிட்டதாம். மழையில் அந்த ரயில் வந்தது. முன்னால் தர்ஷி, கடைசியில் இடுப்பில் கைக்குழந்தையோடு அவசரம்மா. ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்று, "மாமாவுக்கு வேர்க்குது! வாங்க, வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கோயிலுக்கு இறங்கிய பெரியவர்களை மறித்து, காலைக் கட்டிக்கொண்டு, "அங்க அம்மன் இல்ல, மேல போயிருச்சு!" என்று அழுதார்கள். வையவும் முடியாது, இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. ரயில் மறுபடி மேலே ஏறியது. பிள்ளை போகிற பக்கம்தானே தாய் போவாள்? கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டுத் தாய்மார் பின்னால் ஓடினார்கள். தாய்மாருக்குப் பின்னால் புருஷன்மார். பேர் தெரியாத ஒரு பொடிசு என் சாரத்தைப் பிடித்து இழுத்தது. "கடைக்கார மாமா, சாவிய தேடாதீங்க. மொயலு மாதிரி ஆயிருவீங்க." நான் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஏறினேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள். அம்மன் இருந்தாள். "பாத்தியா, முன்னாடியே வந்துருச்சு" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு, நனைந்த பூனைக்குட்டிகள் மாதிரி அதன் கீழே ஒட்டி உட்கார்ந்தார்கள். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

எல்லோரும் இருந்தார்கள். பூசாரி மட்டும் இல்லை. விளக்கை அநாதையாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்று கோயிலிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

அவசரம்மா குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையைச் செருகினார்.

"ஏம்மா, எங்க போறீங்க? திரும்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"அது செருப்புக்குத்தாங்க மொதலாளி. ஆளுக்கு இல்ல. இந்தா போனேன், வந்தேன்."

நான் கூப்பிட்டேன். மண்டப வாசலில் நின்று, குழந்தையை அணைத்துக்கொண்டு, "அவசரம்மா! அவசரம்மா!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

பூசாரி வந்து சேர்ந்தார். தவழாத குறையாக, தனியாக வந்து சேர்ந்தார். கோயிலில் நடந்ததை அவர்தான் பிறகு சொன்னார். அம்மனை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்திருக்கிறார். ஊர்வலத்துக்கு எழுந்தருளுகிற சின்ன அம்மன் சிலை, ஒரு பிள்ளையைத் தூக்குகிற கனம்தான். "ஐயா, ஒங்க காலுக்கு நீங்க முன்னாடி நடங்க. அம்மனை நான் தூக்கிட்டு வாறேன். நான் ஓடியாந்துருவேன், நீங்க போங்க" என்று அவசரம்மா அவரைப் படியேற்றித் தள்ளிவிட்டிருக்கிறார். அம்மனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பூசாரி ஓடைப் பாலத்தைத் தாண்டி, பாறையில் கை வைத்தார். அப்போது மாமா புரண்டு படுத்தார்.

மண்டபத்தில் இருந்த எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. தர்ஷி, "ஏப்பம்" என்று மெதுவாகச் சொன்னாள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

மழை விட்டு நாங்கள் கீழே பார்த்தபோது கோயில் இருந்த இடம் இல்லை. பிள்ளை மடுவம் இல்லை. கீழ் லயம் இல்லை. என் கடையில் கூரை மட்டும் தெரிந்தது. பட்டாளத்துப் பையன்களும், கீழே சிங்களக் கிராமத்து ஆட்களும் வந்து எங்களோடு சேர்ந்து மண்ணைத் தோண்டினார்கள். "ஆயா அம்மா, ஆயா அம்மா" என்று அவர்களும் கூப்பிட்டுக்கொண்டே தோண்டினார்கள். அவரைக் கண்டெடுத்தோம். அம்மனை இன்றுவரை கண்டெடுக்கவில்லை. பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட ஒரு கீறல் இல்லை. அத்தனை பேரும் வரிசையாக நின்று, முன்னால் நிற்கிற பிள்ளையின் சட்டை வாலைப் பிடித்துக்கொண்டுதான் அவருக்கு மண் போட வந்தார்கள்.

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் பிள்ளை மடுவம் நடக்கிறது. புது ஆயா சின்னப் பெண், கதை வராது. கதை சொல்ல வருகிறவர் யார் தெரியுமா? பூசாரி! முழங்காலை நீவிக்கொண்டு உட்கார்ந்து, ஏப்பத்தையெல்லாம் தத்ரூபமாக விட்டுக் காட்டுகிறார். எழுந்தருளினாள் என்பதையெல்லாம் அவரே மறந்துவிட்டார். "அம்மன் ஓடினா பாரு ஓட்டம்!" என்றுதான் சொல்கிறார்.

போன வாரம் நான் பிஸ்கட் கொண்டுபோன நேரம் தர்ஷி அவரைக் கேட்டாள். "அம்மன் தனியாவா ஓடிச்சு?"

"இல்ல தாயி. அம்மனுக்கு ஓடத் தெரியாது. ஒருத்தங்க இடுப்புல தூக்கி வச்சிக்கிட்டு ஓடினாங்க."

"ஆயம்மாவா?"

பூசாரி துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.  புது ஆயா எழுந்து பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அதே இடத்துக்குக் கொஞ்சம் மேலே பலகை அடித்து மறுபடி கடை போட்டிருக்கிறேன். மேசை ஓரத்தில் ஒரு பாக்கெட் ரோஸ் பிஸ்கட் எந்நேரமும் தனியாக இருக்கும். யார் கேட்டாலும் அதைக் கொடுப்பதில்லை. பாதி ஏற்றத்தில் நினைவு வந்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "ஏன் மொதலாளி, ஒரு சத்தம் கூப்பிட மாட்டீங்களா?" என்று திட்ட ஒரு மனுஷி இருந்தார்.

இந்தத் தடவை கூப்பிட்டேன் அவசரம்மா. தொண்டை வற்றுகிற மட்டும் கூப்பிட்டேன்.